ஏணிச் சட்டமும் ஒற்றைக் கூடும்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனை அடுத்த ஆண்டுகளில் வட்டார அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்த அரசாங்கப் பொருள்களுள் ஊர் மக்களின் கண்ணில் முதலிற் பட்டது ஜீப் வண்டியே எனலாம். உரத்தைப் பற்றிப் பேச வந்தவராயினும், அம்மை குத்த வந்தவராயினும், "ஜீப் வந்திருக்கிறது" என்பதே ஊரின் பேச்சாக இருந்தது. வந்தவரின் பதவி பின்னரே விசாரிக்கப்பட்டது.

அவ்வழக்கு இன்றும் முற்றிலும் மறையவில்லை. உயர்ந்த சக்கரமும் பெட்டி போன்ற உருவும் உடைய எந்த வண்டியையும் ஜீப் என்றழைப்போர் சிற்றூர்களில் பலர் உளர். நகரத்தார் அதனையே "எஸ்.யு.வி." என்பர். பெயர் ஒன்றே, ஆனால் அப்பெயரால் குறிக்கப்படும் வண்டிகள் கட்டுமானத்தில் இரு வேறு மரபினவாகும். ஒன்று லாரியின் வழி வந்தது. மற்றொன்று காரின் வழி வந்தது. புறத்தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்று எளிதன்று. விற்பனையாளர்களும் அதனைப் பெரிதாக எடுத்துரைப்பதில்லை. ஆயினும் சொந்தப் பணத்தில் வண்டி வாங்குபவருக்கும், அலுவலகத்திற்காக வாடகைக்கு அமர்த்துபவருக்கும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் ஆசிரியருக்கும் இவ்வேறுபாட்டினால் வரும் விளைவுகள் சிறியன அல்ல.

இரு வகைக் கட்டுமானம்

நெடுஞ்சாலைகளில் கூரையும் கதவும் இன்றி, ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிச் செல்லும் வெறும் பஸ் சாஸியைப் பலரும் கண்டிருப்பர். தொழிற்சாலையிலிருந்து அது பாடி கட்டும் ஊருக்குச் செல்கிறது. தமிழ்நாட்டில் கரூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அந்தச் சாஸியில் நீண்ட எஃகு விட்டங்கள் இரண்டும், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் கட்டைகள் சிலவும் இருக்கும். படுக்க வைத்த ஏணியைப் போன்ற தோற்றம். எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சுகள் ஆகிய யாவும் இவ்வேணியிலேயே பூட்டப்பட்டுள்ளன. ஆதலால் பாடி இல்லாமலே வண்டி ஓடுகிறது. பாடி என்பது பின்னர் ரப்பர் மெத்தைகளின் மேல் வைத்து மரையாணியால் முடுக்கப்படும் ஒரு கூண்டு மட்டுமே. ஜீப், பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், ஃபார்ச்சூனர் ஆகியவை இவ்வகையின. இதனை ஏணிச் சட்ட அமைப்பு என்று குறிப்பிடலாம்.

மற்றைய வகையில் தனிச் சட்டமே கிடையாது. தளம், பக்கச் சுவர், கூரை, தூண்கள் யாவும் மெல்லிய எஃகுத் தகடுகளால் அழுத்தி உருவாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைக்கப்பட்டு, ஒரே கூடாக ஆக்கப்படுகின்றன. பாரத்தைத் தாங்குவது அக்கூடு முழுவதுமே ஆகும். பட்டறைகளில் இதனை மோனோகாக் என்பர். இங்கு ஒற்றைக் கூடு எனக் கொள்வோம். 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவும், 1934இல் பிரான்சின் சிட்ரோயன் டிராக்சியான் அவாந்தும் இம்முறையைக் கார்களில் கையாண்டன. இன்று உலகிற் செய்யப்படும் சாதாரணக் கார்கள் ஏறத்தாழ யாவும் இம்முறையினவே. காரின் ஒற்றைக் கூட்டினைச் சற்றே உயர்த்தி, பெரிய சக்கரமும் நிமிர்ந்த முகமும் அமைத்தால் கிடைப்பதே கிராஸ்ஓவர். கிரெட்டா, பிரெஸ்ஸா, நெக்ஸான் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை.

மெல்லிய தகட்டினால் ஆகிய கூடு தடித்த விட்டங்களுக்கு எவ்வாறு ஈடாகும் என்ற ஐயம் எழுவது இயல்பே. வகுப்பறையில் இதனைச் சில நிமிடங்களில் செய்து காட்டலாம். இரண்டு மர அடிக்கோல்களை இணையாக வைத்து, குறுக்கே நான்கு ஐஸ் குச்சிகளை ஒட்டி ஓர் ஏணி செய்க. இரு முனைகளையும் பிடித்து ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கினால் அது எளிதில் முறுகும். பிறகு, ஒரு காலணிப் பெட்டியின் மூடியைச் சுற்றிலும் பசை நாடாவால் ஒட்டிவிட்டு அதனையும் அவ்வாறே முறுக்குக. அட்டை மிக மெல்லியதாயினும் பெட்டி இணங்காது. மூடியை எடுத்துவிட்டால் அதே பெட்டி கையில் துவண்டுவிடும்.

காரணம் யாது? ஒரு தாளைக் குறுக்காக வளைப்பது எளிது. ஆனால் அதன் தளத்திலேயே பிடித்து இழுத்துச் சாய்சதுரமாக்குவது கடினம். மூடிய பெட்டியை முறுக்கும்போது அதன் ஒவ்வொரு சுவரும் தன் தளத்திலேயே சாய்வதற்கு வற்புறுத்தப்படுகிறது. சுவர்கள் எதிர்த்து நிற்கின்றன. பெட்டியில் கதவுக்கும் சன்னலுக்குமாகத் துளைகளை வெட்டினால் விறைப்பு படிப்படியாகக் குறைவதை மாணவர்கள் தாமே உணர்வர். ஒற்றைக் கூட்டு வண்டிகளில் கதவுத் தூண்களும் கதவின் அடி விளிம்பும் அவ்வளவு தடிப்பாக இருப்பது ஏன் என்பதும் அப்போது விளங்கும். ஏணிச் சட்டத்தைச் செய்வோரும் இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். பழைய ஜீப்களில் ஒரு பக்கம் திறந்த பள்ள விட்டங்கள் இருந்த இடத்தில், இக்காலத்துச் சட்டங்களில் நான்கு பக்கமும் மூடிய குழாய் விட்டங்களே மிகுதி.

அம்பாசடர் தரும் சான்று

"நம் ஊர்ச் சாலைக்குச் சட்டம் உள்ள வண்டிதான் தாங்கும்" என்பது பலரிடம் கேட்கக் கூடிய கூற்று. இதற்கு மறுப்பு நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் வழி வந்தது. அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. மாவட்ட ஆட்சியர்களையும் மருத்துவர்களையும் மண்சாலையில் பல பத்தாண்டுகள் சுமந்த அந்த வண்டி ஒற்றைக் கூட்டினமே. பம்பாயின் வாடகைக் காராக விளங்கிய பிரீமியர் பத்மினியும் அவ்வாறே. மாறாக, சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு சிறிய, மென்மையான நகர்க் கார். அதற்கோ தனிச் சட்டம் இருந்தது. ஆகவே சட்டம் இருப்பதனாலேயே ஒரு வண்டி கரடுமுரடான வேலைக்கு உரியது என்றோ, இல்லாததனாலேயே அது நகர வண்டி என்றோ கொள்வதற்கு இடமில்லை. ருஷ்யாவில் 1977இல் வெளிவந்த லாடா நிவா, நான்கு சக்கரங்களும் இழுக்கும் காட்டு வண்டி. அதுவும் ஒற்றைக் கூடுதான்.

அமெரிக்காவில் நேர்ந்தது

உயரமான வண்டி குடும்ப வண்டியாக மாறியது முதலில் அமெரிக்காவிலே ஆகும். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் அந்நாடு எரிபொருள் சிக்கனத்திற்கான சட்டத்தை இயற்றியது. அதன்கீழ்க் கார்களுக்கு வகுக்கப்பட்ட அளவு கடுமையாகவும், இலகு லாரிகளுக்கு வகுக்கப்பட்டது தளர்வாகவும் இருந்தது. லாரியின் சட்டத்தின் மேல் குடும்பக் கூண்டு ஏற்றினால் அது சட்டத்தின் கண்ணில் லாரியே ஆகும். 1990இல் வெளிவந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒரு சிறு சரக்கு வண்டியின் உறுப்புகளின் மேல் எழுந்தது. அது மிகப் பெரும் விற்பனையை எட்டிற்று.

ஆனால் லாரியின் சட்டத்தோடு லாரியின் குணங்களும் வந்தன. தளம் உயர்ந்தது; ஈர்ப்பு மையமும் உயர்ந்தது; திடீரெனத் திருப்பினால் கவிழும் வாய்ப்பு மிகுந்தது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, டயர் கிழிந்து கவிழ்ந்த எக்ஸ்ப்ளோரர்கள் நாடெங்கும் பேசப்பட்டன. இதற்கிடையில் ஜப்பானியர் வேறு வழி கண்டிருந்தனர். 1994இல் டொயோட்டா ராவ்4, 1995இல் ஹோண்டா சி.ஆர்.வி. என்று, காரின் கூட்டினை உயர்த்திச் செய்த வண்டிகள் வந்தன. அமர்வதற்கு உயரம், ஓட்டுவதற்குக் கார். பெரும்பான்மையான மக்கள் விரும்பியது அவ்வுயரத்தையே அன்றிச் சட்டத்தை அன்று என்பது அப்போது வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டு மாதிரி முதல் எக்ஸ்ப்ளோரரும் ஒற்றைக் கூட்டுக்கு மாறிவிட்டது.

மாற்றம் ஒரே நேர்க்கோட்டில் நிகழவில்லை என்பதற்கு நிசான் பாத்ஃபைண்டர் வேடிக்கையான சான்று. அது சட்டத்துடன் பிறந்தது. 1990களின் நடுவில் சட்டத்தை விட்டது. 2005இல் மீண்டும் சட்டத்தின் மேல் ஏறியது. 2013இல் மறுபடியும் இறங்கிற்று. எந்த வாடிக்கையாளரைப் பிடிப்பது என்று அதைச் செய்தவர்களே தடுமாறினர் போலும்.

நம் நாட்டுச் சந்தை

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே சட்ட வண்டி ஆடம்பரமாகத் தொடங்கவில்லை; தேவையாகத் தொடங்கிற்று. 1985இல் மாருதி ஜிப்சி, 1994இல் டாட்டா சுமோ, 2000இல் மகிந்திரா பொலேரோ என வந்த வண்டிகள் யாவும் ஏணிச் சட்டத்தின. சுமோவின் பெயர், அந்நிறுவனத்தை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலும் குலப்பெயரிலும் உள்ள முதல் எழுத்துகளால் ஆயது. வடகிழக்கு மாநிலங்களின் மலைப்பாதைகளில் ஆள் சேர்த்து ஓடும் வண்டிக்கே "சுமோ" என்பது பொதுப் பெயராயிற்று. 2019இல் அதன் உற்பத்தி நின்ற பின்னும் அவ்வழக்கு நிற்கவில்லை. ஜீப்பிற்கு நேர்ந்தது சுமோவிற்கும் நேர்ந்தது.

2002இல் வந்த ஸ்கார்ப்பியோ தேவையோடு கௌரவத்தையும் சேர்த்து விற்றது. அதன் பின்னர் 2012இல் ஒரகடத்தில் செய்யப்பட்ட ரெனோ டஸ்டரும், 2013இல் மறைமலைநகரில் செய்யப்பட்ட ஃபோர்டு எகோஸ்போர்ட்டும், 2015இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து ஹூண்டாய் செய்த கிரெட்டாவும் ஒற்றைக் கூட்டினைச் சந்தையில் நிலைநாட்டின. இம்மூன்றும் சென்னையைச் சுற்றியே உருவாயின. 2016இல் மாருதி பிரெஸ்ஸாவும், 2017இல் டாட்டா நெக்ஸானும் தொடர்ந்தன. 2023-24 நிதியாண்டில் நாட்டில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட பயணி வண்டிகள் ஏறத்தாழ 42 லட்சம். அவற்றுள் ஏறத்தாழ 25 லட்சம் "பயன்பாட்டு வண்டி" என்ற பிரிவில் அடங்கின. இப்பிரிவில் பெருங்குடும்ப வண்டிகளும் உண்டு. எனினும், உயர்ந்த வண்டியே இன்று பொது வண்டி என்பதும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒற்றைக் கூட்டின என்பதும் தெளிவு.

இம்மாற்றத்திற்கு இரண்டு காரணங்கள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒன்று, சாலை. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின்கீழ் 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை அமைக்கப்பட்டுள்ளது. எந்த மண்பாதைக்காக ஜீப் வேண்டியிருந்ததோ, அப்பாதைகள் பலவற்றில் இன்று தார் போடப்பட்டுள்ளது. சட்டத்தின் தேவையைக் குறைத்ததில் மோட்டார் நிறுவனங்களைக் காட்டிலும் சாலைப் பொறியாளர்களுக்குப் பங்கு அதிகம் எனல் மிகையாகாது.

மற்றொன்று, வரி. 2006இல் மத்திய அரசு 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலாயின் 1,200 கன சென்டிமீட்டருக்கும் டீசலாயின் 1,500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத எஞ்சினும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அன்று வகுத்த அவ்வெல்லை இன்றளவும் வண்டிகளின் உருவைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வெல்லைக்குள் அடங்கும் வண்டிகளுக்குச் சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு. அடங்காதவற்றிற்கு 40 விழுக்காடு. எகோஸ்போர்ட், பிரெஸ்ஸா, நெக்ஸான் யாவும் 4 மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் குறைவாகவே வெட்டப்பட்டிருப்பது தற்செயல் அன்று. பொலேரோகூட 2016இல், 4 மீட்டருக்குச் சற்று மிகுந்திருந்த தன் நீளத்தை 3,995 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டு, 1.5 லிட்டர் எஞ்சினோடு மறுபிறவி எடுத்தது. இவ்விதியில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. வரி விதிப்போர் நீளத்தை அளக்கின்றனர், எஞ்சினை அளக்கின்றனர், முன்பிருந்த விதியில் தரைக்கும் அடித்தளத்திற்கும் உள்ள இடைவெளியையும் அளந்தனர். வண்டி எதன்மேல் கட்டப்பட்டுள்ளது என்று மட்டும் கேட்டாரில்லை.

ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்

இரு பெரும் இந்திய நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இக்கேள்விக்கு நேர்மாறான விடைகளை அளித்தன. 1998இல் ஏணிச் சட்டத்துடன் வந்த டாட்டா சஃபாரி, 2021இல் அதே பெயரில் ஒற்றைக் கூடாக வெளிவந்தது. பழைய சஃபாரியில் நான்கு சக்கர இழுவை உள்ள வகையும் இருந்தது. புதியது முன்சக்கர இழுவையோடு மட்டுமே வந்தது. மகிந்திராவோ 2022இல் ஸ்கார்ப்பியோ-என் வண்டியைப் புதிய ஏணிச் சட்டத்தின் மேலேயே கட்டியது. அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள் முன்பதிவு தொடங்கிய 30 நிமிடங்களுக்குள் ஒரு லட்சம் பதிவுகள் வந்தன என அந்நிறுவனம் அறிவித்தது.

அந்த ஒரு லட்சம் பேரும் ஆற்றைக் கடக்கவோ, மலையில் மரம் இழுக்கவோ போகிறவர்கள் அல்லர். அவர்களை ஈர்த்தது எது? நிமிர்ந்த முகப்பு, தட்டினால் கனத்து ஒலிக்கும் கதவு, மற்றக் கார்களின் கூரையைக் கீழே பார்க்கும் இருக்கை, பெரிய பள்ளத்தில் இறங்கினும் அடி தட்டாது என்ற மன அமைதி ஆகியவையே. இவற்றை ஏளனம் செய்வதற்கில்லை. மழைக்குப் பின் நம் நகரச் சாலையில் நீர் நிறைந்த குழியின் ஆழம் எவருக்குத் தெரியும்? ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை உயரத்தாலும் உருவத்தாலும் கிட்டுவன. சட்டத்தால் கிட்டுவன அல்ல. கிராஸ்ஓவர்களின் வெற்றி முழுவதும் இவ்வுண்மையின் மேல் நிற்கிறது. லாரியின் தோற்றத்தைக் காரின் விலையிலும் காரின் எரிபொருட் செலவிலும் அவை அளிக்கின்றன.

வலிமையின் எண் கணக்கும் பலர் நினைப்பதற்கு மாறானது. 2016இல் நின்றுபோன பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஏணிச் சட்ட வண்டிகளின் தலைமகன் எனத்தக்கது. 2019இல் அறிமுகமான அதன் வாரிசு அலுமினிய ஒற்றைக் கூடு. வழக்கமான சட்ட வண்டியைப் போல் அது முறுக்கத்தை மும்மடங்கு எதிர்க்கிறது என்று அதனைச் செய்தவர்கள் உரைக்கின்றனர். அதன் விலை வட்டார அலுவலகங்களுக்கு எட்டாது என்பது வேறு செய்தி.

சட்டம் உண்மையிற் பயன்படுமிடம்

சட்டத்திற்கு உரிய இடம் இன்னும் உண்டு. முதலாவது, பாரம். அன்றாடம் மிகுந்த சுமையை ஏற்றுவதற்கும், பின்னே இழுவண்டியைப் பூட்டுவதற்கும் நீண்ட விட்டங்களே நேரான வழி. இரண்டாவது, ஒரே சாஸியின் மேல் பல உருவங்களை ஏற்றும் வசதி. பயணி வண்டி, சரக்கு வண்டி, கால்நடை மருத்துவ ஊர்தி, நோயாளி ஊர்தி ஆகிய அனைத்தையும் ஒரே அடித்தளத்தில் கட்டலாம். ஒற்றைக் கூட்டினை வெட்டி நீட்டுவது அவ்வளவு எளிதன்று, ஏனெனில் அங்குக் கூரையும் பாரம் தாங்கும் உறுப்பே. மூன்றாவது, பாதையே இல்லாத இடம். ஒரு சக்கரம் பாறை மேலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலுமாக நாள்தோறும் முறுக்கப்படும் வண்டியில், முறுக்கத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்ள, ரப்பர் மெத்தையின் மேலிருக்கும் கூண்டு பெரும்பாலும் தப்புகிறது. சுரங்கம், வனத்துறை, எல்லைப் பாதுகாப்பு ஆகிய பணிகளில் இவ்வண்டிகள் நிலைத்து நிற்பது இதனாலேயாம்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் கூற வேண்டும். பொலேரோவும் பிரெஸ்ஸாவும் நீளத்தில் ஒன்றே; இரண்டும் 3,995 மில்லிமீட்டர். ஆனால் பொலேரோவின் எடை ஏறத்தாழ 1,600 கிலோகிராம். பிரெஸ்ஸாவின் எடை ஏறத்தாழ 1,200 கிலோகிராம். பொலேரோவில் எழுவர் அமரலாம், அதன் எஞ்சினும் டீசல் என்பதை நியாயமாகக் கருத்திற் கொண்டாலும், இந்த 400 கிலோகிராமில் சட்டத்தின் பங்கு கணிசமானது. அவ்வெடை மேடேறும்போது எரிபொருளைத் தின்கிறது. இறங்கும்போது பிரேக்கைத் தின்கிறது. விட்டங்களுக்கு மேலே தளம் அமைவதால் படி உயர்கிறது. கருவுற்ற பெண்களும் முதியோரும் ஏறுவதற்கு உதவி தேவைப்படுகிறது. சுகாதாரப் பணியாளர் இதனை நன்கறிவர்.

பாதுகாப்பு பற்றிய தவறான எண்ணம்

கனத்த சட்டம் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையே சந்தையில் மிக வலுவானது. மோதலின் இயல்பு அதனை ஆதரிப்பதில்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் மோதலின்போது எங்கேனும் செலவாகியே தீர வேண்டும். முன்பகுதி திட்டமிட்டபடி நசுங்கினால் ஆற்றல் அங்கே செலவாகி, வேகம் சற்று நீண்ட நேரத்தில் குறைகிறது. அமர்ந்திருப்பவரின் மார்பின் மேல் வரும் விசையும் குறைகிறது. நசுங்காத விட்டம் அவ்விசையை உள்ளே கடத்திவிடும். மோதிய பின் முகப்பு சிதையாதிருப்பதைக் கண்டு "வண்டிக்கு ஒன்றுமில்லை" என்று வியப்பதுண்டு. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையாயின், ஆக வேண்டியது யாருக்கு ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இதனைக் கொண்டு ஒற்றைக் கூடு தானே பாதுகாப்பானது என்று முடிவு செய்வதும் பிழை. குளோபல் என்கேப் என்னும் அமைப்பு நடத்திய மோதல் சோதனைகளில், காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோ 2016இல் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அது சட்ட வண்டி. காற்றுப்பை இல்லாத டஸ்டர் 2017இல் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அது ஒற்றைக் கூடு. பெரியவர் பாதுகாப்பிற்கு 2018இல் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது; 2022இல் ஸ்கார்ப்பியோ-என் வண்டியும் ஐந்தே பெற்றது. புதிய சட்டங்களில் முன்முனை மடிந்து நசுங்குமாறு செய்யப்படுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனை முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்த வகை வண்டி சோதிக்கப்பட்டது என்று நோக்குவதே முறை. கட்டுமானத்தின் பெயரை வைத்து நட்சத்திரத்தை ஊகித்தல் கூடாது.

பழைய சட்ட வண்டிகளில் பின்புறம் ஒன்றையொன்று நோக்கி அமைந்த பக்கவாட்டு இருக்கைகள் தனிக் கவனத்திற்கு உரியன. பிள்ளைகளை ஏற்றுவோர் இங்கேதான் அதிகம் பேரை நெருக்கி உட்கார வைக்கின்றனர். மோதலில் உடல் முன்னோக்கி வீசப்படுகிறது. பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்கு அது தோளையும் கழுத்தையும் ஒருபுறமாக ஒடிக்கும் விசையாகும். தோளின் குறுக்கே செல்லும் வார்ப்பட்டை அங்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. எட்டுப் பேர் அமரலாம் என்று விளம்பரம் கூறினும், முன்னோக்கிய இருக்கைகளை மட்டும் எண்ணுவதே நன்று.

பழுது பார்த்தல்

சிற்றூர்களில் சட்ட வண்டியின் மதிப்பு குறையாமல் இருப்பதற்கு மெய்யான காரணம் பழுது பார்க்கும் எளிமையே. நசுங்கிய கதவையோ மூக்கையோ கழற்றி வேறொன்றைப் பூட்டலாம்; வெடித்த விட்டத்தைத் தாலுக்கா ஊரின் வெல்டிங் பட்டறையிலேயே ஒட்டலாம். பழைய வண்டி விற்பனையில் பொலேரோவின் விலை நிற்பதும் இதனால்தான். ஒற்றைக் கூட்டில் சிறு மோதலும் தூண்களின் அளவைச் சில மில்லிமீட்டர் பிசகச் செய்யக் கூடும்; அளவு மேடையில் வைத்து இழுத்து நேராக்க வேண்டும். மேலும் அதன் தூண்களில் பயன்படும் மிக வன்மையான எஃகு, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது. அதனை ஊர்ப் பட்டறையில் சூடாக்கித் தட்டினால் உருவம் திரும்பும், வன்மை திரும்பாது. அடுத்த மோதலில்தான் அது தெரியவரும்.

வாடகைக்கு வரும் வண்டி எவ்வகையினது என்பதை அறியக் குனிந்து பார்த்தலே போதும். கதவின் அடி விளிம்பிற்கு உட்புறமாக, முன்னிருந்து பின் வரை நீளும் தடித்த கறுப்பு விட்டமும், அதற்கும் கூண்டிற்கும் இடையே ரப்பர் மெத்தைகளும் தென்பட்டால் அது சட்ட வண்டி. அவ்வாறாயின் பின் அச்சிற்கு அருகில், ஸ்பிரிங் விட்டத்தோடு சேரும் இடத்தில் ஒட்டுத் தகடு உள்ளதா என்று நோக்குக. மிகைப் பாரம் ஏற்றிய வண்டி முதலில் வெடிக்குமிடம் அது. ரப்பர் மெத்தை நைந்திருந்தால் கதவுகள் ஓசையிடும். விட்டம் தென்படாமல் தகட்டுத் தளம் மட்டுமே இருந்தால் அது ஒற்றைக் கூடு. அதில் கதவின் அடி விளிம்பையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும், மிதியடிக்கு அடியிலுள்ள தளத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியாயின் இது இன்றியமையாதது. அங்கே துரு பிடித்து, அதன் மேல் புதிய பெயின்ட் பூசப்பட்டிருப்பின், அவ்வண்டியை அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.